நாள்பட்ட நோயில் வீட்டு வைத்தியப் பொறுப்பு யார் கையில் இருக்க வேண்டும்?

செவிலிஅக்கா (இழையைத் தொடங்கியவர்)

நாள்பட்ட நோய்களுக்கான வெளிநோயாளர் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சுகர், பிரஷர், இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத நிலை), ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் வந்து போகிறவர்களோடுதான் என் வேலை.

டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பது சில மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடம். மற்ற நாளெல்லாம் மாத்திரை போடுவது, ஊசி குத்துவது, உப்பைக் குறைப்பது, பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நோயாளியும் வீட்டாரும்தான். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஒரு அறிக்கையில் சொன்னது. இத்தனை நல்ல மருந்துகள் இருந்தும் பாதிதான் என்றால், குறை மருந்தில் இல்லை.

நான் அடிக்கடி பார்ப்பது இது. அப்பாவும் மகளும் உள்ளே வந்து உட்காருவார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று அப்பாவிடம் கேட்டால் மகள் பதில் சொல்வார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" அதற்கும் மகள். கொஞ்ச நேரத்தில் டாக்டரும் மகளைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார். அப்பா மடியில் இருக்கும் ஃபைலின் ஓரத்தை நீவிக்கொண்டிருப்பார். மகள் அக்கறையில்தான் பேசுகிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மாத்திரை போட வேண்டியவர் அந்த அறையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வீட்டார் எதில் உதவ வேண்டும், எதில் விலகி நிற்க வேண்டும் என்பதை நோயாளியே சொல்லும் வீடுகளில்தான் வைத்தியம் நிலைக்கிறது என்பது என் அனுபவம். மற்ற இடங்களில் கொஞ்ச நாள் ஓடி நின்றுவிடுகிறது. உங்களுக்கு எது உதவியது, எது கெடுத்தது? நோயாளிகள், வீட்டார், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

---

டைப்1வாசி

அக்கா, பள்ளிக்கூட வயதிலிருந்தே டைப் 1 சுகரோடு இருக்கிறேன். நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எங்கள் வீட்டில் நான் வெளியே போய் வந்ததும் முதல் கேள்வி "எவ்வளவு இருந்துச்சு?" என்பதுதான். எண் கூடியிருந்தால் அடுத்த கேள்வி "என்ன சாப்பிட்ட?" ஒவ்வொரு ரீடிங்கும் ஒரு மார்க் ஷீட் மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் என்ன நடக்கும்? எண் கூடுதலாக இருக்கும் என்று தெரிந்த நாளில் சோதிக்கவே மனசு வராது. எனக்குத் தெரிந்த பல பேர் நோட்டுப் புத்தகத்தில் நல்ல எண்களை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வந்ததும் உண்மை தெரிந்துவிடும், அப்புறம் வீட்டில் இன்னொரு சண்டை.

சுகர் கூடுவதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. காய்ச்சல், தூக்கக் குறைவு, மன அழுத்தம், ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தோல், வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் என்று எத்தனையோ இருக்கிறது. இது தெரியாமல் கேட்கும் கேள்வி எல்லாம் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

குடும்பத்தின் உதவி கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது எனக்கே என் நிலை புரியாமல் போகலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். "மற்ற ரீடிங்கைக் கேட்க வேண்டாம், உதவி தேவைப்பட்டால் நானே சொல்கிறேன்" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நான் ஒளிக்காமல் பேச ஆரம்பித்தேன்.

---

மூத்தமகன்

> மற்ற ரீடிங்கைக் கேட்க வேண்டாம்

தம்பி, உங்கள் வயதுக்கு அது சரி. என் அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. கேட்காமல் விட்டால் நீர் மாத்திரையை அவர் போடுவதே இல்லை. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடுவோம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் திரும்ப அதே கதை. அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட எனக்கு மனசு வராது. நோயாளிக்கே முடிவை விடுங்கள் என்று சொல்வது எளிது. ராத்திரி ஆம்புலன்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருவது நான்தானே.

---

பொதுமருத்துவர்

மூத்தமகன், உங்கள் பயம் நியாயமானது. ஒன்று கேட்கிறேன். அப்பா நீர் மாத்திரையை ஏன் விடுகிறார் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? "ஏன் போடல?" என்று அதட்டாமல், "போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள். வெளியே கிளம்பும் நாளில் அடிக்கடி சிறுநீர் வரும் என்று பயந்து விடுபவர்கள் ஏராளம். சிலருக்கு எழுந்தால் தலை சுற்றும். சிலர் வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். காரணத்துக்குத் தகுந்தபடிதான் தீர்வு. கழிவறைப் பிரச்சினை என்றால் வெளியே போகும் நாளில் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று அவருடைய டாக்டரிடம் பேசலாம். தலைசுற்றல் என்றால் அளவையே பார்க்க வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் கண்காணிப்பை மட்டும் கூட்டினால், மாத்திரை தலையணைக்கு அடியில் போகும்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று ராய் கெஸல்ஸ் 2003-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். மனசில் தங்குவதிலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத் தங்குகிறது. அப்படியிருக்க, "புரிஞ்சுதா?" என்று கேட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் கேட்பது வேறு விதம்: "நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிப் போடப் போறீங்கன்னு நீங்க சொல்லுங்க." ஒரு முறை ஒருவர், "பிரஷர் கூடும்போது போட்டுக்குவேன் டாக்டர்" என்றார். தினமும் போட வேண்டிய மாத்திரை அது. கேட்காமல் விட்டிருந்தால் மாதக்கணக்கில் எனக்குத் தெரிந்திருக்காது. சோதனை நம் விளக்கத்துக்குத்தான், நோயாளிக்கு இல்லை. இது அவருக்கும் புரியும்படி கேட்க வேண்டும்.

வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த பேச்சுமுறையிலிருந்து இன்னொன்று. "தினமும் நடக்கணும்னு உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0-லிருந்து 10-க்குள்ள சொல்லுங்க" என்று கேட்பேன். 4 என்பார். பெரும்பாலோர் உடனே "ஏன் வெறும் 4?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் நடக்காமல் இருப்பதற்கான சாக்குகள்தான் வரும். "ஏன் 1 சொல்லாம 4 சொன்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தனக்கு அது ஏன் வேண்டும் என்று அவரே பேச ஆரம்பிப்பார்.

---

மூத்தமகன்

டாக்டர், கேட்டேன். நீங்கள் சொன்னதேதான். பஸ்ஸில் போகும் நாளில் மாத்திரை போடுவதில்லையாம். இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரத்தை மாற்றுவது பற்றி அடுத்த முறை அவரே டாக்டரிடம் கேட்கிறேன் என்கிறார்.

---

செவிலிஅக்கா

நல்ல செய்தி. கூடவே அப்பா தினமும் எடை பார்க்கிறாரா? இதயச் செயலிழப்பில் கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எடை மெஷினில். 3 நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தங்கும் நீர். எந்த அளவு ஏறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டு, எழுதும் தாளின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

அப்பாவே எழுதட்டும். தாள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கட்டும். அப்போது நீங்கள் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கவே வேண்டியதில்லை. போகிற போக்கில் தாளைப் பார்த்தால் போதும்.

---

மருந்தகத்தோழி

பார்மசிஸ்ட் ஒருத்தியின் பங்குக்கு. தயவுசெய்து வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ காட்டுங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, பையில் இருப்பது வேறு. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். எப்போதோ நிறுத்தச் சொன்னது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அதில் இருக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பிரஷரை ஏற்றும், உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மூத்தமகன் அப்பா மாதிரி இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இவை ஆகவே ஆகாது. முழங்கால் வலிக்கு மாத்திரை போடுவதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, அதை மருந்து என்றே நினைப்பதில்லை.

பையைக் கொண்டு வரும்போது நோயாளியையே ஒவ்வொன்றாக எடுத்து "இது எதுக்கு?" என்று சொல்லச் சொல்வேன். எங்கே தயங்குகிறாரோ அந்த மாத்திரைதான் வீட்டில் விட்டுப்போகும் மாத்திரை. அப்புறம் டாக்டரிடம் இதையும் கேளுங்கள்: இரண்டு மாத்திரையை ஒன்றாகச் சேர்த்தது கிடைக்குமா, மூன்று வேளை மருந்துக்குப் பதில் ஒரு வேளை மருந்து இருக்கிறதா, இதில் எதையாவது நிறுத்தலாமா. வேளை குறைந்தால் விட்டுப்போவதும் குறையும்.

---

இன்ஹேலர்அம்மா

பெரியவர்களைப் பற்றியே பேசுகிறோம், குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பையனுக்கு ஆஸ்துமா. சின்ன வயதில் எல்லாம் நானே செய்தேன், இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரைப் பிடிப்பதிலிருந்து. வளர வளர ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போனது. முதலில் இன்ஹேலரைக் குலுக்குவது, பிறகு தானே அழுத்துவது, பிறகு கவுன்ட்டரில் எத்தனை டோஸ் மிச்சம் என்று பார்த்துச் சொல்வது. இப்போது டாக்டரிடம் முதலில் பேசுவது அவன்தான். நான் பக்கத்தில் இருப்பேன், அவன் விட்டதைச் சொல்வேன்.

எங்களுக்கு எழுத்தில் இருக்கும் செயல்திட்டம்தான் பெரிய துணை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் அவனுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பச்சை, 50-லிருந்து 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மருந்து, எத்தனை முறை, எப்போது மருத்துவமனை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு பிரதி பள்ளியில் இருக்கிறது. இரவில் இழுப்பு வந்தால் நானும் அவன் அப்பாவும் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு நிற்பதில்லை, தாளைப் பார்க்கிறோம்.

இன்ஹேலர் இழுக்கும் முறையை ஒவ்வொரு முறையும் நர்ஸ் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள், எத்தனை வருடம் பழகியிருந்தாலும். அழுத்தும் வகை என்றால் மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும், பவுடர் வகை என்றால் வேகமாக. இரண்டிலும் இழுத்த பிறகு 10 விநாடி வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம், மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடுவதுதான்.

---

புதியவர்

வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது. எதை நம்புவது? அம்மா பயந்து மணிக்கொரு முறை பார்க்கிறார்.

---

பொதுமருத்துவர்

பிரஷர் நாள் முழுக்க மாறிக்கொண்டேதான் இருக்கும். பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். கை மேசைமேல், இதய உயரத்தில். பட்டை அவர் கைக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும், சட்டைத் துணிமேல் சுற்றக் கூடாது. எடுக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலை, மாலை, அதுவும் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் போதும். எங்களுக்குத் தேவை சராசரி. மருத்துவமனையில் 140/90 என்பதற்கு வீட்டில் 135/85 சமம் என்று பல வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன.

மணிக்கொரு முறை பார்க்க வேண்டாம். பயமே எண்ணை ஏற்றும். 180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

---

துணைவி

எல்லாம் படித்தேன். குடும்பத்தை ஈடுபடுத்துவது பற்றி இவ்வளவு பேசுகிறோம். குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான். என் கணவருக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், போகவர நேரம் தனி. தண்ணீர் அளவு, உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ், மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லி அனுப்புகிறார். நீங்கள் நலமா, உங்களால் இதைச் செய்ய முடியுமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. வேலையை விட்டுவிட்டேன். தூக்கம் சரியில்லை. யார்மேலும் கோபத்தில் எழுதவில்லை, களைத்துப்போயிருக்கிறேன்.

---

செவிலிஅக்கா

துணைவி, நீங்கள் இதை எழுதியது நல்லது. உங்களுக்காக ஒரு டாக்டரைப் பார்த்தீர்களா? தூக்கமின்மையும் களைப்பும் இத்தனை நாள் நீடித்தால் அதற்கும் வைத்தியம் தேவை. பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல் 1980-களிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் அதை எடுத்துக் கேட்கிற பிரிவுகள் குறைவு. அடுத்த முறை டயாலிசிஸ் பிரிவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்களாகவே "என்னால் இவ்வளவுதான் முடிகிறது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உறவினர்கள் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பார்கள், சொல்ல வாய் வராது. "செவ்வாய்க்கிழமை நீங்க அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்று நாளும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். ரிப்போர்ட்டுகளை ஒழுங்குபடுத்துவது, அப்பாயின்ட்மென்ட் வாங்குவது போன்றவற்றை வெளியூரில் இருப்பவர்கூடப் போனில் செய்யலாம். கணவருக்குத் தெம்பு இருக்கும் நாளில் அவரே பார்க்கக்கூடியதையும் அவரிடம் கொடுங்கள்.

---

பொதுமருத்துவர்

நோயின் சுமை ஒரு பக்கம், சிகிச்சையின் சுமை இன்னொரு பக்கம். கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்சஸ் மேர் மூவரும் 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத்தான் வலியுறுத்தினார்கள். நோயாளியின் வாழ்க்கையை மிகக் குறைவாகக் குலைக்கும் வைத்தியம் வேண்டும் என்றார்கள். சொன்னதைச் செய்யவில்லை என்றதும் இன்னும் நாலு வேலையைக் கூடுதலாகக் கொடுப்பது எங்கள் பழக்கமாகிவிட்டது. துணைவி, உங்களிடம் இருக்கும் மொத்தப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி சிறுநீரக டாக்டரிடம் நீட்டுங்கள். "இதில் எது கட்டாயம், எதைக் குறைக்கலாம், எந்த இரண்டு வருகையை ஒரே நாளில் வைக்கலாம்?" என்று கேளுங்கள்.

---

தனிவீடு

குடும்பமே இல்லாதவர்கள் என்ன செய்வது? எனக்கு மூட்டுவாதமும் சுகரும். தனியாக இருக்கிறேன். எனக்குக் கை கொடுத்தது அதே நோய் உள்ளவர்களின் குழு. ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் உருவாக்கிய பயிற்சியின் வழியில் நடப்பது: வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம், 6 வாரம். நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், அவர்களுக்கும் நாள்பட்ட நோய் இருக்கும். அறிவுரை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் தான் செய்யப்போவதைச் சொல்ல வேண்டும்: என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள். அதைச் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை 10-க்கு எவ்வளவு என்று கேட்பார்கள். 7-க்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சின்னதாக்கிவிடுவோம். "தினமும் நடப்பேன்" என்று சொன்னவர் "திங்கள், புதன், வெள்ளி மாலை 10 நிமிடம்" என்று மாற்றிக்கொள்வார். அடுத்த வாரம் அதைச் செய்துவிட்டு வருவார்.

குடும்பம் உள்ளவர்களுக்கும் இது தேவை என்பேன். வீட்டில் சொல்ல முடியாத பயத்தை அங்கே சொல்லலாம்.

---

டைப்1வாசி

> வீட்டில் சொல்ல முடியாத பயத்தை அங்கே சொல்லலாம்

நூற்றுக்கு நூறு. பிள்ளைகளின் நாள்பட்ட நோயில் பெற்றோர் உதவப்போய் அது மல்லுக்கட்டாக மாறுவதை ஆண்டர்சன், கோய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் வீட்டையே பார்த்த மாதிரி இருந்தது. அம்மாவிடமும் காட்டினேன், இருவரும் நிதானமாகப் பேச அது ஒரு தொடக்கமாக இருந்தது.

---

புதியவர்

இன்னொரு சந்தேகம். நோயாளி முடிவெடுக்கட்டும் என்கிறீர்கள். என் அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது. பிரஷரோடு சுகரும் உண்டு. மாத்திரை போட்டதை மறந்து திரும்பப் போட்டுவிடுகிறார். இவர் கையில் எப்படி விடுவது?

---

மருந்தகத்தோழி

இங்கே நீங்கள் எடுத்துச் செய்துதான் ஆக வேண்டும். மாத்திரை ஸ்டாக்கை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒரு வேளைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், உங்கள் கண் முன்னால் விழுங்கட்டும். நீங்கள் இல்லாத நேரம் அதிகம் என்றால், நேரத்துக்கு மட்டும் திறக்கும் பூட்டுள்ள மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு விடக்கூடியதும் இருக்கிறது. எந்த மாத்திரையை முதலில் போடுவது, எங்கே உட்கார்ந்து போடுவது, பிரஷர் பார்க்க எந்தக் கையை நீட்டுவது போன்றவற்றை அவரே சொல்லட்டும். போடவைக்கும் போராட்டம் அதிலேயே பாதி குறையும்.

டாக்டரிடம் சீக்கிரம் பேச வேண்டியது சுகர் மருந்து பற்றி. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இரண்டு முறை உள்ளே போனால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மறதி உள்ள முதியவர்களுக்கு எச்பிஏ1சி 8 சதவீதம் வரையோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கலாம் என்று தளர்த்தி, லோ சுகர் வராத மருந்துக்கு மாற்றுவது வழக்கம். அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

இனிமேல் இரண்டு முறை போட்டுவிட்டார் என்று தெரிந்தால் உடனே சுகரைச் சோதித்துவிட்டு டாக்டரையோ மருத்துவமனையையோ கூப்பிடுங்கள். சுகர் மாத்திரையாக இருந்தால், அப்போது எண் சரியாக இருந்தாலும் கூப்பிடுங்கள். அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும், இறக்கம் நடுராத்திரியில்கூட வரலாம்.

---

புதியவர்

அவர் போடுவது கிளிமிபிரைடுதான். நாளைக்கே பேசுகிறேன். பையையும் எடுத்துப் போகிறேன்.